ஒரு ஆளுக்கு ஒரு லிட்டர்

இலுப்பைமேடு பேருந்து நிலையத்தின் நெற்றியில் ஊரின் மக்கள்தொகையைக் காட்டும் பலகை ஒன்று உண்டு. நாள்தோறும் காலை ஆறு மணிக்கு ஒரு முறை எண் மாறும். பிலவேந்திரன் வந்து இறங்கிய செவ்வாய்க்கிழமை அது 30,031 என்று காட்டியது. பலகைக்குக் கீழே தேநீர்க் கடையில் நின்றிருந்த இருவர் அதை அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து முப்பத்திநாலு. மூணு கொறஞ்சுபோச்சு."

"ஒண்ணு ராவுத்தர் மக. கட்டிக்குடுத்து மதுரைக்குப் போயிருச்சுல்ல."

"மிச்சம் ரெண்டு?"

"ஒங்க மாமியா ஊருக்குப் போயிட்டாகன்னு நீதான சந்தோசமாச் சொன்னே."

"அது ஒரு ஆளுய்யா."

"அவுக குடிக்கிற தண்ணிக்கு மிசினு ரெண்டுன்னுதான் எழுதியிருக்கும்."

பிலவேந்திரன் சிரிக்கவில்லை. அவர் வந்திருப்பதே அந்த எண்ணுக்காகத்தான். மக்கள்தொகை இயக்ககத்தில் நேரடிச் சரிபார்ப்பாளர். வயது நாற்பத்தேழு. பதினோரு மாதத்தில் அறுபத்திரண்டு ஊர்களைப் பார்த்திருந்தார். எல்லா ஊர்களையும் அவர் பேருந்து நிலையத்தில் தொடங்கி விடுதி அறையில் முடித்திருந்தார்.

நகராட்சி சுகாதார ஆய்வாளர் கமருதீன் மின் வண்டியில் வந்து அவரை ஏற்றிக்கொண்டார். ஐம்பதைத் தாண்டியவர். வண்டியை விடப் பேச்சு வேகமாகப் போயிற்று.

"முப்பதாயிரத்துக்கு ஒரு ஆள் கொறஞ்சாலும் பேரூராட்சிதானா சார்? ஒரு அஞ்சு பத்து முன்ன பின்ன பாக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. வியாழக்கிழமை காலாண்டு முடியுது. அன்னிக்குக் காலையில என்ன எண்ணோ, அதுதான். முப்பதாயிரமும் அதுக்கு மேலயும் இருந்தா நகராட்சி."

"முன்னெல்லாம் பத்து வருசத்துக்கு ஒருக்கா வந்து, கதவைத் தட்டி, பேர் கேட்டு எழுதிட்டுப் போவாக. ஊரும் பத்து வருசம் நிம்மதியா இருக்கும். இப்ப மூணு மாசத்துக்கு ஒருக்கா பரீட்சை."

"அப்ப பேர் கேக்கலாம். இப்பக் கேக்கக் கூடாது." பிலவேந்திரன் இதைப் பல ஊர்களில் சொல்லியிருக்கிறார். "முகம், கைரேகை, போன், பேர் எதையும் தொடக் கூடாதுன்னு கோர்ட் சொல்லிருச்சு. ஆள் யாருன்னு கண்டுபிடிக்கக் கூடாது, ஆள் இருக்குன்னு மட்டும் கண்டுபிடிக்கலாம். அதனாலதான் குடிதண்ணிக் குழாய். குளிக்கிற குழாய்க்கு, விளக்குக்கு எல்லாம் டைமர் வச்சு ஏமாத்தலாம். குடிதண்ணிக் குழாயை மட்டும் கையால அமுக்கிப் பிடிச்சாத்தான் தண்ணி வரும். எப்ப அமுக்குறாங்க, எவ்வளவு எடுக்கிறாங்கன்னு பாத்து, வீட்டுல எத்தனை பேருன்னு மிசின் சொல்லும்."

"அப்பறம் மனுசன் நீங்க எதுக்கு சார்?"

"வரம்புக்கு ஐம்பது பேருக்குள்ள வந்துட்டா ஒரு ஆள் நேர்ல போகணும்னு விதி. சந்தேகமான வீடுகளை மிசின் குறிச்சுக் குடுக்கும். போய்ப் பாத்துட்டு ஒரு எண் எழுதணும். அவ்வளவுதான்."

"ஒங்களை எந்த ஊர்ல சேத்திருக்காங்க?"

பிலவேந்திரன் சற்று யோசித்தார். சென்னையில் அவர் பெயரில் ஒரு வீடு உண்டு. சென்ற மாதம் ஏதோ ஒரு விடுதியில் இருந்தபடி அதன் எண்ணைப் பார்த்தார். பூஜ்யம் என்றிருந்தது. கணக்கு சரிதான்.

"எங்கேயும் இல்ல."

"அப்ப இங்கயே ஒரு மாசம் தங்குங்களேன். எங்களுக்கு ஒரு ஆள் கூடும்ல" என்றார் கமருதீன். பிறகு, விளையாட்டுப் பேச்சு எல்லை மீறிவிட்டதோ என்று கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார்.

இயந்திரம் குறித்துக் கொடுத்தவை இருபது வீடுகள், எல்லாம் பழைய தபால் நிலையத் தெருவில். ஊர்க்காரர்கள் அதைத் துபாய்த் தெரு என்றார்கள். சலவைக்கல் முகப்பும் எவர்சில்வர் கைப்பிடியும் வைத்த மாடி வீடுகள். இருபது வீடுகளிலுமாக முப்பத்திரண்டு பேர். சந்தேகத்துக்குக் காரணம் ஒரே வரியில் இருந்தது: முப்பத்திரண்டு பேரும் நாளொன்றுக்குச் சரியாக ஒரு லிட்டர் குடிக்கிறார்கள். கடலோர ஊர், கோடை இன்னும் இறங்கவில்லை. மற்றத் தெருக்களில் ஓர் ஆள் மூன்று லிட்டர் குடித்தார். சிலர் நான்கு.

முதல் வீடு பூட்டியிருந்தது.

"இப்பத்தான் வெளிய போனாக போல" என்றார் கமருதீன்.

இரண்டாவதும் மூன்றாவதும் பூட்டியிருந்தன.

"ஏதும் விசேசமா இருக்கும். சேந்து போயிருப்பாக."

நான்காவது வீட்டு வாசலில் செருப்பு இருந்தது, ஆளில்லை. செருப்பின் மேல் தூசி படிந்திருந்தது. கமருதீன் இந்த முறை காரணம் தேடாமல் அடுத்த வாசலுக்கு நடந்தார். அவருக்குத் தெரியும் என்பது பிலவேந்திரனுக்கு அப்போது புரிந்தது.

ஐந்தாவது வீட்டின் கதவு திறந்திருந்தது. சமையலறையில், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழாயடியில் நின்றிருந்தாள். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. கையில் மருந்துக்கடையில் தரும் அளவுக் கோப்பை. குழாயை அமுக்கி, நூறு மில்லி கோட்டுக்குத் தண்ணீர் பிடித்து, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, கொஞ்சம் கூடியிருந்ததைத் தொட்டியில் சிந்திவிட்டுக் குடத்தில் ஊற்றினாள். பிறகு மறுபடியும் அமுக்கினாள்.

"மங்களம், சென்னையிலேர்ந்து சார் வந்திருக்காக" என்றார் கமருதீன்.

அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கோப்பைதான் பாக்கி. இருங்க" என்றாள்.

பிலவேந்திரன் நின்றார். இரண்டு கோப்பையும் ஊற்றி முடித்தபின் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வீட்டுல எத்தனை பேர் இருக்காங்க?"

"ரெண்டு பேரு."

"எங்க?"

"சார்ஜாவுல."

அவள் எதையும் மறைக்கவில்லை. தேடிக்கொண்டிருந்தது எளிதில் கையில் வந்துவிட்டால் ஏற்படும் ஏமாற்றம்தான் அவருக்கு முதலில் ஏற்பட்டது.

"இருபது வீட்டுச் சாவியும் உங்ககிட்டத்தான் இருக்கா?"

"பத்தொம்பது. இருபதாவது எங்க வீடு. வெளக்குப் போட, சன்னலைத் தொறந்துவிட, சாவியைக் குடுத்துட்டுப் போனாக. தண்ணி ஊத்தச் சொல்லி யாரும் சொல்லல. அது நானாப் பண்ணது. அவுக மேல ஒண்ணும் எழுதிராதீங்க."

"ஏன் பண்ணீங்க?"

"ஆள் கொறஞ்சு நகராட்சி போயிட்டா டயாலிசிஸ் வார்டை மூடிருவாகன்னு நர்சம்மா சொன்னாக. நாலு மிசினையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவாகளாம். அம்பத்திரெண்டு கிலோமீட்டரு. வாரத்துல மூணு நாளு பஸ்ல போயிட்டு வந்தா மனுசன் பொழைப்பாரா? எங்க வீட்டுக்காரரு ஐஸ் கம்பெனியில இருந்தவரு. பஸ்ல ஏறுனாலே வாந்தி வரும்."

"சரி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு லிட்டர்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு லிட்டருதான சார்?"

"யார் சொன்னா?"

"டாக்டரு. அதுக்கு மேல குடிச்சா ஒடம்பு ஊதிரும், மூச்சு முட்டும்னாரு. ஆறு வருசமா அளந்துதான் குடுக்கிறேன்."

கமருதீன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அது நோயாளிக்கு, மங்களம்."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அவள். உண்மையிலேயே அவர் மேல் வருத்தம். ஆறு ஆண்டுகளாக, ஒரு மனிதன் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பான் என்ற கேள்விக்கு அவளுக்கு ஒரே ஒரு விடைதான் தெரிந்திருந்தது. அந்த விடையைத்தான் தெரு முழுக்க ஊற்றியிருந்தாள்.

"ஊத்துன தண்ணியை என்ன பண்ணுவீங்க?"

"செடிக்கு. மொட்டைமாடியில காக்காவுக்கு. போற வீட்டுல நானும் ஒரு வாய் குடிப்பேன்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி பத்தாகப் போகுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவருக்கு இன்னிக்கு டயாலிசிஸ். ரெண்டு மணிக்கு வந்துருவேன். எழுதுறதை எழுதி வைங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்து போய்விட்டாள். பூட்டுவதற்குச் சாவியைக் கமருதீன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிலவேந்திரன் கைக்கருவியில் பத்தொன்பது வீடுகளையும் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து அடித்தார். அடிப்பது எளிது. ஒரு பூஜ்யம், ஒரு ஒப்புதல். கமருதீன் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே வந்தார். நெருக்கடியில் மனிதர்களுக்குக் கணக்கு நன்றாக வருகிறது.

"பத்தொம்பது வீட்டுலயும் சேத்து முப்பத்தியொண்ணு போச்சா? முப்பதாயிரத்து முப்பத்தொண்ணுல முப்பத்தொண்ணு போனா முப்பதாயிரம். முப்பதாயிரமும் அதுக்கு மேலயும்னு சொன்னீங்கள்ல சார்? தப்பிச்சுட்டோம்ல?"

"இருபதாவது வீடு இருக்கே."

"அது மங்களம் வீடு. ஒரு ஆள்னு போட்டிருக்கும்."

"ஆமா. ஆனா அங்க ரெண்டு பேர் இருக்கணுமே? அவங்களும் வீட்டுக்காரரும்."

கமருதீன் கையிலிருந்த சாவியை மறுகைக்கு மாற்றினார்.

"வீட்டுக்காரரு சோலைமலை தவறிப் பதினாலு மாசமாச்சு சார்."

நகராட்சி மருத்துவமனையில் டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே இரண்டு நீள இருக்கைகள் போட்டிருந்தார்கள். உள்ளே நால்வருக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அவர்களோடு வந்தவர்கள் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களுக்கு நடுவில் மங்களம், முழுப்பெயர் மங்களேஸ்வரி, உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டு மனுசன் ஊறுகாயை மருந்து டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சுத் திங்குறாரு மதினி. நேத்துக் கையும் களவுமாப் பிடிச்சேன்" என்றாள் ஒருத்தி.

"என்ன சொன்னாரு?"

"மாத்திரைன்னாரு."

இருக்கை முழுதும் சிரித்தது. மங்களேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு எல்லோரையும் விட நீளமாகச் சிரித்தாள். "எலுமிச்சம்பழத்தைப் பாதியா வெட்டி நாக்குல தொட்டுக்கச் சொல்லு. எங்க வீட்டுல ஐஸ் கட்டி. ஒரு கட்டியை வாயில வச்சுக்கிட்டா அரை மணி நேரம் தண்ணி கேக்க மாட்டாக" என்றாள். அவள் சொன்னதைப் புதிதாக வந்திருந்த ஓர் இளம்பெண் போனில் குறித்துக்கொண்டாள்.

அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாமலிருக்க வழியில்லை. பதினான்கு மாதமாக அவள் யாரையும் உள்ளே அனுப்பவில்லை, யாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போகவுமில்லை. ஆனாலும் இருக்கையில் அவளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

தள்ளி நின்ற பிலவேந்திரனை ஒரு பெரியவர் பார்த்துவிட்டார். "உக்காருங்க தம்பி. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

அந்த இருக்கையில் எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வி அதுதான் போலும். மங்களேஸ்வரிதான் சொன்னாள்:

"எனக்காக வந்திருக்காரு."

இரண்டரை மணிக்கு மூவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். துபாய்த் தெருவின் கடைசியில், மாடி வீடுகளின் கழிவுநீர்க் குழாய் வளையும் இடத்தில், சிமெண்ட் அட்டை போட்ட ஒற்றை அறை. கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. கட்டிலுக்கு அருகே ஒரு சின்ன ஐஸ் பெட்டி. தரையில் சுருட்டி வைத்த பாய். குழாயடியில் இன்னோர் அளவுக் கோப்பை, கோடுகள் தேய்ந்துபோனது. அதன் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் செம்பு, முக்கால் அளவு தண்ணீரோடு.

பிலவேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பத்தொம்பது வீட்டையும் அடிச்சுட்டேன். முப்பத்தியொரு பேர்."

"சரி."

"உங்க பேர் எங்கயும் வராது. எழுத இடம் கிடையாது. இப்ப ஊர்க் கணக்கு சரியா முப்பதாயிரம். இந்த வீட்டுல ஒரு ஆள். அந்த ஒரு ஆள் இருந்தா நகராட்சி, வார்டு, எல்லாம் இருக்கும். இல்லைன்னா இல்ல."

"ஒரு ஆள் இருக்கே."

"யாரு?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். கமருதீன் வாசலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குளிக்கிறது நானு. குடிக்கிறது அவரு" என்றாள்.

"மிசின் குடிக்கிறதை மட்டும்தான் பாக்கும்."

"தெரியும். கமருதீன் அண்ணன் சொன்னாக."

"அந்தச் செம்புத் தண்ணியை என்ன பண்ணுவீங்க?"

"சாயந்தரம் வரைக்கும் வச்சிருந்துட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்துவேன். மறுநா காலையில மறுபடியும் பிடிப்பேன்."

"அப்படின்னா நான் இந்த வீட்டையும் அடிக்கணும். புதுசா உங்களைச் சேக்கணும்னா நீங்க குடிக்கிறது முப்பது நாள் தொடர்ந்து தெரியணும். அதுக்குள்ள வியாழக்கிழமை போயிரும். மிசினையெல்லாம் கழட்டிக் கொண்டு போயிட்டாங்கன்னா திரும்பி வராது. நான் நிறைய ஊர்ல பாத்திருக்கேன்."

அவள் கட்டில் விரிப்பை நீவிவிட்டாள். மருத்துவமனை இருக்கையைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் அவள் ஆளில்லாத வீடுகளில் ஆட்களாக இருந்தாள். இனி அதுவும் இல்லை.

"ஆனா" என்றார் பிலவேந்திரன். பதினோரு மாதப் பணியில் அவர் இந்தச் சொல்லைச் சரிபார்ப்பின்போது பயன்படுத்தியதில்லை. "இந்த ஒரு லிட்டர்த் தடம் யாரோடதுன்னு மிசினுக்குத் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் சட்டம். இந்த வீட்டுல பிடிக்கிற தண்ணியைக் குடிக்கிற ஆள் என் கண்ணு முன்னால இருந்தா, நான் ஒண்ணுன்னு எழுதலாம். நான் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். இந்தத் தண்ணியை யார் குடிக்கிறது?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"குடிச்சா பொய்யில்ல."

மங்களேஸ்வரி எழுந்தாள். செம்பை எடுத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தேய்ந்த அளவுக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். செம்பிலிருந்து நூறு மில்லிக்கு ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். குடித்தாள். மறுபடி ஊற்றினாள்.

வழக்கமாக ஒரு சரிபார்ப்புக்கு நான்கு நிமிடம் ஆகும். அன்று அவர் நேரம் பார்க்கவில்லை. மூன்றாவது கோப்பையில் அவளுக்குப் புரை ஏறியது. கமருதீன் வாசலிலிருந்தே, "மெதுவா, தங்கச்சி" என்றார். ஐந்தாவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"கடைசி நாளு அவுக தண்ணி கேட்டாக சார். ஒரு லிட்டரு முடிஞ்சுபோச்சு, நாளைக்குத்தான்னு சொல்லிட்டேன்."

அவள் குடித்தாள். ஆறு, ஏழு, பத்து வரை. செம்பு காலியானதும் கோப்பையைக் கழுவி, துடைத்து, குழாயடியில் அதே இடத்தில் வைத்தாள்.

"நானு" என்றாள். "நாந்தான் குடிக்கிறேன்."

அவர் 1 என்று எழுதி ஒப்புதலை அழுத்தினார்.

"தெனமும் குடிக்கணுமா?"

"தினமும். இனிமே அளக்க வேண்டாம். தாகம் எவ்வளவோ அவ்வளவு குடிங்க."

அதைக் கேட்டு அவள் தலையை ஆட்டினாள். ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பலகை 30,002 என்று காட்டியது. இரண்டு பேர் எப்படிக் கூடினார்கள் என்று தெரியவில்லை. தேநீர்க் கடையில் பேசிய அந்த மாமியார் திரும்பி வந்திருக்கலாம். பிலவேந்திரன் அதை வேறொரு ஊரின் விடுதி அறையில் உட்கார்ந்து கைக்கருவியில் பார்த்தார். முடித்துவிட்ட ஊரை மறுபடி பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

அதிலேயே இருபதாவது வீட்டின் கணக்கையும் திறந்து பார்த்தார். அளவு இன்னும் ஒரு லிட்டர்தான். நூறு நூறு மில்லியாக, பத்து முறை. அடுத்த வாரமும் அப்படியே. அவர் சொன்னதை அவள் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். வேறு ஊர்கள் வந்தன. சில நாள் பார்க்க மறந்தார்.

ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி திறந்தபோது தண்ணீர் வரைபடத்தின் கோடு மாறியிருந்தது. விடிந்ததும் ஒரு பெரிய அளவு, அளக்காமல் பிடித்தது. சமைக்கும் நேரத்தில் இரண்டு முறை. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்கு, வெயிலில் நடந்து வந்த ஆள் குடிப்பதுபோல ஒரே மூச்சில் அரை லிட்டருக்கு மேல். மொத்தம் மூன்று லிட்டரைத் தொட்டது. அவருக்குத் தன்னையறியாமல் ஒரு நிம்மதி வந்தது. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தானும் குடித்தார்.

பிறகுதான் கோட்டுக்கு அடியில் ஓடிய இன்னொரு கோட்டைக் கவனித்தார். காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் நூறு மில்லி, ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல்.

அதற்கு நேராக இயந்திரம் எழுதியிருந்தது: ஆட்கள் 2.

பக்கத்தில் கேள்விக்குறி இட்ட ஒரு சதுரம் மின்னிக்கொண்டிருந்தது. 'ஐயமிருந்தால் தெரிவிக்கவும்.' அவர் அதைத் தொடாமல் கருவியை மூடிவிட்டு, விடுதிப் பையனிடம் இரண்டு தேநீர் சொல்லலாமா என்று யோசித்து, ஒன்று மட்டும் சொன்னார்.